கையால் படித்த இங்கிலீஷ்

எலெக்ட்ரானிக் சிட்டியில் அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு நர்சரியில் எட்டு வருஷமாக நான் ஆயா. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்கு ஷூ மாட்டிவிட அது தேவைப்படவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை நர்சரியை நடத்தும் மேடம் ஆயாக்களைக் கூப்பிட்டார்.

"வகுப்புல ஆயாங்களும் இங்கிலீஷ்லதான் பேசணும்னு பேரன்ட்ஸ் கேக்கறாங்க. சனிக்கிழமை டெஸ்ட். பேச வராதவங்க பாத்ரூம் வேலைக்குப் போயிடணும்."

பாத்ரூம் கழுவுவது கேவலமில்லை, அதையும் செய்தவள்தான். ஆனால் இங்கிலீஷ் வராதவள் என்று சொல்லி என்னைப் பிள்ளைகளிடமிருந்து தள்ளுவதா?

இன்னொரு ஆயா கிருஷ்ணகிரிக்காரி, பன்னிரண்டாவது பாஸ். "பெரிம்மா, இந்த வயசுல ஏ பி சி டியா? பேசாம பினாயில் பாட்டிலைப் புடிச்சுக்க" என்றாள்.

"ரெண்டு பாட்டிலா எடுத்து வைடி, உனக்கும் ஆவும்" என்றேன். ஒருவரிடமும் கேட்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

வாசலைத் துடைக்கிற சாக்கில் வகுப்பைக் கவனித்தேன். மிஸ் 'புட் ஆன்' என்றால் பிள்ளைகள் ஷூவுக்குள் காலை நுழைத்தார்கள். 'புட் டவுன்' என்றால் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். 'புட் அவே' என்றால் பொம்மைகள் பெட்டிக்குள் போயின. தலை ஒன்றுதான், வால் மாறினால் வேலை மாறுகிறது. நானும் அப்படியே செய்து செய்து சொல்லிப் பழகினேன். பஸ் ஸ்டாப்பில் நான் கையை ஆட்டுவதைப் பார்த்து இரண்டு பெண்கள் தள்ளி நின்றார்கள்.

சனிக்கிழமை நான் அறைக்குள் போனபோது மேடம் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். டப்பா திறந்தபடி மேஜையில் இருந்தது. என்னை எதிரே உட்கார வைத்தார்.

"புட் அவேன்னா என்ன, சொல்லுங்க."

மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கதவோரம் கிருஷ்ணகிரிக்காரி 'க்ளுக்' என்றாள். மேடம் தாளில் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

"மேடம், உக்காந்துகிட்டு கேட்டா எனக்கு வராது" என்று எழுந்தேன். மேஜைக்குக் கீழே அவர் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தது கண்ணில் பட்டது. பிள்ளைகளிடம் நீட்டுவதுபோல் கையை நீட்டினேன்.

"புட் ஆன் யுவர் ஷூஸ்."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். கால் தானாகச் செருப்பைத் தேடியது.

"புட் டவுன் யுவர் பென்."

பேனா மேஜைக்கு வந்தது.

"புட் அவே யுவர் டப்பா."

டப்பாவை மூடிப் பைக்குள் வைத்த பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மறுபடி பேனாவை எடுத்து, முன்பு எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, அடித்தது தெரியாதா?

"போங்க ஆயாம்மா, பிள்ளைங்க வீட்டுக்குப் போற நேரம்" என்றார்.

கதவை அடைத்துக்கொண்டு நின்ற கிருஷ்ணகிரிக்காரி நகர்ந்து வழிவிட்டாள். வகுப்பில் பதினாறு ஜோடி ஷூ காத்திருந்தது.