பெஞ்சு மாறும் திங்கட்கிழமை

எங்கள் பள்ளி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறது. ஸ்மார்ட் போர்டு வந்த நாளிலிருந்து பத்தாம் வகுப்பின் ஜன்னல்களைச் சாத்திப் பச்சைத் திரை போட்டுவிட்டோம். வெளிச்சம் அடித்தால் படம் தெரியாது. மழைக்காலத்தில் சதுப்பு வாடை வேறு. அந்தப் பச்சை மங்கலில் மதியம் கணக்கு நடத்தும்போது குளத்துக்கு அடியில் நின்று பேசுவதுபோல இருக்கும். பிள்ளைகளின் முகங்கள் மெல்ல மிதக்கும். பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த மங்கலில் ஓர் இருமலும் இருந்தது. மின்விசிறிச் சத்தத்தோடு அது கலந்துபோனது. இருமியவளிடம், "தண்ணி குடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். என்ன டயட் என்று தோழிகள் கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அவளுடைய அம்மா போன் செய்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்திருந்தது.

இரண்டு நாளில் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அக்கா வந்தார். வகுப்புக்குள் நுழைந்ததும் திரையைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னா மிஸ், இப்பிடி மூடி வச்சிக்கினு கீறீங்க? காத்து எப்பிடி வரும்?"

பிறகு நோட்டைப் பிரித்தார். "அந்தப் பொண்ணு பக்கத்துல யார் யாரு உக்காந்தது, சொல்லுங்க."

யாரென்று சொல்வது? எங்கள் வகுப்பில் திங்கட்கிழமைதோறும் பெஞ்சு மாறும். முன் வரிசை கடைசிக்குப் போகும், ஓரத்தில் இருப்பவர் நடுவுக்கு வருவார். யாரும் நிரந்தரமாகக் கடைசி பெஞ்சு ஆகிவிடக் கூடாது என்று நான் கொண்டுவந்த வழக்கம் அது. பெற்றோர் கூட்டத்தில் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு. இருமிய அந்த மாதம் முழுக்க அவளை வகுப்பைச் சுற்றி அழைத்துப் போனது நான்தான்.

"அப்போ எல்லாருக்கும் பாக்கணும். உங்களுக்கும்தான் மிஸ்" என்றார் அக்கா, சாதாரணமாக.

பார்த்தார்கள். வேறு யாருக்கும் நோய் இல்லை. சிலருக்குத் தடுப்பு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். திரைகளைக் கழற்றி ஜன்னல்களைத் திறந்தோம். வாடையும் நாணலின் அசைவும் நீர்ப்பறவைகளின் சத்தமுமாகச் சதுப்பு முழுவதும் உள்ளே வந்தது. வெயில் ஏறினால் ஸ்மார்ட் போர்டில் பாதி வட்டம்தான் தெரியும். மீதியைப் பிள்ளைகள் மனசுக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு மாலை அவளே போனில் பேசினாள். குரல் வெகு தூரத்தில் இருந்தது.

"மிஸ், நான் திரும்பி வந்தா என் பக்கத்துல யாராவது உக்காருவாங்களா?"

"நான் பாத்துக்கறேன், நீ வா" என்றேன். மறுநாள் கணக்கை ஓரம் கட்டிவிட்டு வகுப்பில் பேசினேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, டாக்டரும் சரியென்று சொன்னபிறகு அவளிடமிருந்து யாருக்கும் நோய் வராது. டிஃபன் பாக்ஸைத் தொட்டால் ஒட்டாது. நன்றாகத்தான் பேசினேன்.

டாக்டர் கடிதத்தோடு ஒரு திங்கட்கிழமை வந்தாள். பெஞ்சு மாறும் நேரம். பைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் சலசலவென்று இடம் மாற, இரண்டு பெண்கள் நகர்ந்து அவளுக்கு நடுவில் இடம் விட்டார்கள். "ரெண்டு சாப்டர் போயிடுச்சுடி, என் நோட்டைப் பாத்து எழுதிக்கோ" என்றாள் ஒருத்தி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மதியம், விட்டுப்போன கணக்குகளைப் போட்டு எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். பக்கத்தில் குனிந்து சந்தேகம் கேட்க வாயைத் திறந்தாள். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். நினைத்து நகரவில்லை, உடம்பு நகர்ந்துவிட்டது. மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். நோட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"இங்கேர்ந்தே கேக்கறேன் மிஸ்."