ஒரே முகவரி, ஒன்பது பேர்

திங்கட்கிழமை காலை ஹட்டனில் அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது நம் லோகேஸ்வரியின் தம்பி அழைத்தார். "நஸீர் நானா, அக்கா போயிட்டாங்க. விடியக்காலம், ஆஸ்பத்திரியில." காய்ச்சல் என்று லோகேஸ்வரி வியாழக்கிழமைதான் லீவு போட்டிருந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரோடு வேலை செய்த உங்களுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் தளத்தைச் செய்தோமே, அதில் படிவங்களை வாங்கிச் சேமிக்கும் கன்ட்ரோலர் என்ற நிரல் பகுதியை எழுதியவன் நான். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அனுப்பும் பொத்தானை ஆட்கள் நாலு தரம் அமுக்குவார்கள். அதனால் ஒரே முகவரியில், ஒரே போனிலிருந்து இரண்டாவது வந்தால் தள்ளிவிடும்படி எழுதினேன். வீட்டுக்கு வீடு தனி முகவரி இருக்கும் தலவாக்கலைக் கடைவீதியில் வளர்ந்த எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

முடிவுத் தேதிக்கு முந்திய நாள் லோகேஸ்வரி பட்டியலைப் பார்த்தார். வட்டகொடைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரு லயத்திலிருந்து ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"நானா, லயத்து ஆளுங்களுக்குக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். ஒம்பது வீட்டுக்கும் ஒரே அட்ரஸ்தான். நல்ல போன் வச்சிருக்கவங்க எல்லாருக்கும் நெரப்பிக் குடுப்பாங்க. எட்டுப் பிள்ளைங்கள வெளிய தள்ளிட்டீங்க."

தள்ளிய எதையும் நான் சேமித்திருக்கவில்லை. நாளையோடு முடிகிறதே என்றேன்.

"இன்னைக்கு இருக்குல்ல" என்றார்.

படிவத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குத் தனி எண் விழும்படி மாற்றினார். அதே எண் திரும்ப வந்தால் அதே விண்ணப்பம். எண் வேறென்றால் ஆள் வேறு. ஒற்றைப் பெயர் வந்திருந்த மற்ற லயங்களுக்கு என்னைப் போன் பண்ண வைத்துவிட்டு, மடிக்கணினியோடு வட்டகொடைக்கு பஸ் ஏறினார். ஏழு பேர் கிடைத்தார்கள். எட்டாவது ஆளான சுகன்யா கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளைப் பிடிக்கவே முடியவில்லை.

தவறு யாருடையது என்று லோகேஸ்வரி யாரிடமும் வாய் திறக்கவில்லை. "சிஸ்டத்துக்கு வசதியா ஆளுங்கள எண்ணாதீங்க நானா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அடக்கத்துக்கு மறுநாள், இந்த வருடத்துப் படிவத்துக்குப் பொறுப்பான அதிகாரி அழைத்தார். முகவரிக்கு ஒன்று என்று வைத்தால் சுலபம்தானே என்றார். முடியாது என்றேன். லோகேஸ்வரியிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பிடிவாதத்தைத்தான். அதிகாரி விடாமல் காரணம் கேட்டார். சுகன்யாவின் பெயரைச் சொல்லி, அவளை வெளியே தள்ளியவன் நான்தான் என்றேன்.