பித்தம் இல்லீங்க

பல வருடம் என் வியாதியைத் தப்பான பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்தால் வாயெல்லாம் கசப்பு, நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், சில நாள் மஞ்சளாக வாந்தி. பித்தப்பையை எடுத்த பிறகு வந்த தொல்லை இது. துடியலூரில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "பித்தமுங்க. எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடிங்க, செரியாப் போயிரும்." நானும் எரிகிற வயிற்றில் தினமும் புளிப்பை ஊற்றினேன். எங்கள் பக்கம் தலை சுற்றினாலும் பித்தம், குதிகால் வெடித்தாலும் பித்தம். அப்படியொரு பெயரை வைத்துக்கொண்டு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

ஒருவழியாகப் போனேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பைக்குள் நிஜமாகவே பித்தநீர் தேங்கி நிற்பதைத் திரையில் காட்டினார். சதை எடுத்துச் சோதித்ததில், உள்தோல் சில இடங்களில் குடலின் தோல் மாதிரி மாறிப்போயிருந்தது. "இப்பப் புத்துநோய் இல்லீங்க. ஆனா அந்தப் பக்கம் போனாலும் போகும். சொல்ற தேதிக்கு வந்து பாத்துக்கோணும், தள்ளிப்போடாதீங்க" என்றார்.

அடுத்த தேதி வந்தபோது என் மகளுக்குப் பெருந்துறையிலிருந்து ஒரு வரன் வந்தது. ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள், செவ்வாய் எனக்குக் குழாய். "கல்யாணம் முடியட்டும் அம்மணி. புத்துங்கற பேச்சு வெளிய போச்சுன்னா புள்ளைய ஆரு கட்டுவாங்க?" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணம் முடிந்தால் வளைகாப்பு வரும், அப்புறம் பேரனுக்குக் காதுகுத்து. என் வயிறு முகூர்த்தம் பார்த்துக்கொண்டு காத்திருக்குமா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா நான் காபியைத் தொடாததைக் கவனித்துவிட்டார்.

"ஏனுங்க, நீங்க குடிக்கலீங்களா?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அவளுக்குப் பித்தமுங்க."

"அட, அதுக்கு எலுமிச்சம்பழம்..." என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "பித்தம் இல்லீங்க. எரப்பைத் தோலு மாறிப்போச்சுங்க. கவனிக்காம உட்டாப் புத்தா வந்தாலும் வருமுங்க. நாளான்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறனுங்க."

அத்தனை கோபத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை.

"கலந்து பேசிச் சொல்லியனுப்பறமுங்க" என்று கிளம்பினார்கள். சொல்லியனுப்ப மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. மகளின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று அப்போதுதான் பயந்தேன். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

மகள் தன் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். "வயித்துல நோவுன்னா வாயத் தொறந்து சொல்ல முடியாத ஊட்டுக்கு நான் எதுக்குங்கப்பா வாக்கப்படோணும்?"

செவ்வாய்க்கிழமை காலை நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி முன்கதவைத் திறந்தார். ஏறினேன். குழாய் விடும் அறையின் வாசல்வரை கூடவே வந்தார். அவரை மன்னிப்பதெல்லாம் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.