கேப்டனின் வலது காது

முதல் அறிகுறி ஓர் உறுமல். குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் கணவர், வழக்கம்போல எங்கள் லாப்ரடார் கேப்டனின் காதுகளைப் பிடித்துக் கொஞ்சினார். அவன் பல்லைக் காட்டினான். அவர் வந்த அன்று மேலே ஏறி விழுந்து முகத்தை நக்கியவன்தான்.

மறுநாள் கையைக் கவ்வப் பார்த்தான்.

"ஏட்டி, இதுக்கு என்மேல கோவம். விட்டுட்டுப் போனேன்லா, அதான்," என்றார் கணவர். "அண்ணன் தோட்டத்துல கொண்டு விட்டிருவோம். பிள்ளைகளக் கடிச்சா என்ன செய்ய?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குட்டியிலிருந்து சோறு போட்டு வளர்த்தவள் நான். ஆட்டோ பிடித்து இருவரையும் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா நாயைத் தொடுவதற்கு முன் என்னிடம் கேட்டார்: "யாரையெல்லாம் கடிக்க வருது?"

"இவங்கள மட்டுந்தான்."

"இவங்க எங்க தொடுவாங்க?"

கணவர் தன் இரு காதுகளையும் பிடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை.

கேப்டனின் வாயைக் கட்டி, விளக்கு வைத்துப் பார்த்தார். வலது காதில் புறச்செவி அழற்சி (காதுக்குழாய் வீங்கிச் சீழ் பிடிப்பது). குளிப்பாட்டுவது யார் என்று கேட்டார். ஊருக்கு வந்த நாள்முதல் அதுவும் இவர்தான். எங்கள் மணவாளக்குறிச்சிக் கரையில் நாய் சொறிந்தால் மருந்து கடல்தான். காலைதோறும் அவனைத் தலையோடு அலையில் முக்கி எடுத்தார். மடிந்த காதுக்குள் தண்ணீர் தங்கிவிட்டது. சொறியச் சொறிய இன்னும் முக்கினார்.

"கோவம் இல்ல, வலி," என்றார் டாக்டர். "குணம் திடீர்னு மாறுனா முதல்ல இங்க கொண்டு வாங்க."

மயக்க ஊசி போட்டுக் காதைக் கழுவினார்கள். காலையும் மாலையும் சொட்டு மருந்து. கடல் கூடாது. என் பொழுது அந்தக் குப்பியைச் சுற்றியே நடந்தது. கணவர் தள்ளி உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். பாவமாக இருக்கும்.

மருந்து முடிகிற வாரம் கேப்டன் தானாக எழுந்து அவரிடம் போனான். அவர் உள்ளங்கையில் வலது காதை வைத்து அழுத்தினான்.

"ஏட்டி, ஓடி வா! காதத் தாறான் பாரு!"

தெருவுக்கே கேட்டது. நானும் கூடவே கத்தினேன். எங்கள் பிள்ளையைத் தோட்டத்துக்கு அனுப்பாமல் ஜெயித்துவிட்டேன். அந்தப் பெருமை இன்னும் அடங்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உறுமலும் ஒரு பேச்சுதான். இப்போது வீட்டில் யார் சிடுசிடுத்தாலும் நான் பதிலுக்குச் சண்டை போடுவதில்லை. நேற்று காப்பி ஆறிவிட்டது என்று கணவர் எரிந்து விழுந்தார்.

"எங்க வலிக்கி?" என்று கேட்டேன்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைக் காட்டினார். போன விடுமுறையிலிருந்தே இருக்கிறதாம். நாளை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.