இரண்டு ஈக்கள் என்று சொன்ன ஷமீமா அக்கா

வியாழக்கிழமை காலை புழுக்களுக்கு இலை மாற்றிக்கொண்டிருந்தபோது ஷமீமா அக்காவின் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி மௌத்தாயிட்டாம்மா" என்றார். நான்கு நாள் காய்ச்சல்தான், இறந்துவிட்டார். கையிலிருந்த டப்பாவை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.

அக்காவைத் தெரிந்து இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. ஆட்கள் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். பத்தாவதோடு நின்றவள். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்க ஷெட்டில்தான் அக்கா ஆராய்ச்சிக்குப் புழு வளர்த்தார்; நான்தான் அவருக்கு உதவி. முத்தாண்டிக்குப்பம் பக்கம் போய் முந்திரி இலையிலும் புங்க இலையிலும் பிடித்து வருவோம். ஒரு புழுவுக்கு ஒரு டப்பா, அதன்மேல் நான் எழுதி ஒட்டும் லேபிள். சில புழுக்களுக்குள் ஒட்டுண்ணி ஈயின் இளம்புழு இருக்கும். அது புழுவைத் தின்று வளர்ந்து, ஈயாக வெளியே வரும். அந்த ஈயின் ஒரு காலை மட்டும் எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்புவார்.

ஒருமுறை, பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் இரண்டு மரத்து ஈக்களையும் ஒரே குப்பியில் போட்டுவிட்டேன். அன்று மாலையே சொன்னேன். அக்கா குப்பியைக் குப்பையில் கொட்டினார். "ஒரு மாச வேலைடி. போவட்டும். நீ சொல்லாம வுட்டிருந்தாதான் நாம செத்தோம்" என்று சிரித்தார்.

சோதனை முடிவு வந்தது. ஒரே ஈ என்று எல்லோரும் நினைத்திருந்தது இரண்டு இனம். முந்திரிப் புழுவுக்கு ஒன்று, புங்கப் புழுவுக்கு ஒன்று. அக்காவின் வேலையை மேற்பார்வையிடும் சார் ஷெட்டுக்கே வந்தார்.

"லேபிள் எழுதினது யாரு? அந்தப் பொண்ணா? எந்த ஈ எந்தப் புழுவுல வந்துச்சுன்னு எப்படி நம்பறது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"தப்பு பண்ணா அன்னைக்கே வந்து சொல்ற பொண்ணு சார் அது. அவள நம்பலன்னா என்னையும் நம்பாதீங்க. முதல்லேருந்து மறுபடி வளர்க்கிறோம். பார்ப்போம்" என்றார் அக்கா. குரலைக்கூட உயர்த்தவில்லை.

அந்த மறு வளர்ப்பு பாதியில் இருக்கும்போதுதான் போய்விட்டார். மறுநாள் சார் போனில், "அவ்ளோதாம்மா, டப்பாவையெல்லாம் கொட்டிடு" என்றார்.

"மாட்டேன் சார்" என்றேன். ஒரு பெரியவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

ஈக்கள் வெளியே வர ஆரம்பித்துவிட்டன. சோதனையைச் செய்து தர அக்காவின் தோழி ஒப்புக்கொண்டிருக்கிறார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் "பார்ப்போம்" மட்டும்தான். ஒவ்வொரு லேபிளிலும் மரம், புழு, நாள் எழுதுகிறேன். அதற்குக் கீழே "எழுதியது: ரேவதி" என்றும் எழுதுகிறேன். இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.