எச்சரிக்கையை அணைத்த மகராசன்

எச்சரிக்கைகளை நிறுத்தி வைத்திருந்த அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

போரில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு நிவாரண அலுவலகத்தில் நான் கம்பியூட்டர் புரோகிராம் எழுதினேன். எந்தக் குடும்பத்துக்கு என்ன சாமான் என்று துண்டு அச்சடிக்கிற புரோகிராம். துண்டில் உள்ளதைத்தான் களஞ்சியத்தில் கொடுப்பார்கள்.

ஒரு மாதம் பால்மாவுக்குத் தட்டுப்பாடு. கைக்குழந்தைக்குக் கொடுத்த ஒரு கிலோவை அரைக் கிலோவாகக் குறைத்தார்கள். நான் லீவில் நின்றதால் எங்கள் பொறுப்பாளர் தானே புரோகிராமில் கைவைத்தார். எண்ணைத் தசமமாக்கினார். ஆனால் அதை அச்சடிக்கும் வரியில், முழு எண்ணுக்குரிய %d-ஐ அப்படியே விட்டுவிட்டார். தசமத்துக்குரிய %f போட்டிருக்க வேண்டும். இந்தப் பிழையை, புரோகிராமை மெசினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரே வரி எண்ணோடு எச்சரித்துச் சொல்லும். சொல்ல விட்டால்தானே! "சும்மா தொணதொணக்குது" என்று எல்லா எச்சரிக்கைகளையும் முன்பே நிறுத்தி வைத்திருந்தார் அந்த மகராசன்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று, இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு தாய் துண்டை என் மேசையில் அடித்து வைத்தார்.

"பால்மா சைபர் கிலோவாம்! சைபரைக் கரைச்சோ, தங்கச்சி, பிள்ளைக்குப் பருக்கிறது? வெறும் சீனித்தண்ணிதான் குடுக்கிறன். இதைக் கேக்க ஆமிச் சென்றி ஒவ்வொண்டிலயும் சோதனைக்கு இறங்கி ஏறி வந்தனான்."

அந்தக் காலத்து மெசினில் அரை என்பது %d-இல் வெறும் பூச்சியமாகத்தான் விழும்.

பொறுப்பாளர் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. "கம்பியூட்டர் பிழை விட்டிட்டுது அம்மா. வாற கிழமை பாப்பம்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே கம்பைல் பண்ணினேன். பிழையான அந்த வரி எச்சரிக்கையோடு திரையில் வந்து நின்றது.

"கம்பியூட்டர் பிழை விடேல்லை சேர். அது சொல்ல வந்தது. நீங்கள்தான் அதின்ர வாயைப் பொத்தினனீங்கள். வாற கிழமை மட்டும் இந்தப் பிள்ளை என்னத்தைக் குடிக்கிறது?"

வரியைத் திருத்தினேன். புதுத் துண்டை அடித்துப் பொறுப்பாளர் கையில் திணித்தேன். கையெழுத்து வைத்தார்.

"மற்ற ஆக்களுக்கும் இப்பிடித்தானோ அக்கா?" என்று அந்தத் தாயிடம் கேட்டேன்.

"ஓம். கைப்பிள்ளைக்காரர் எல்லாருக்கும் சைபர்தான்."

"அப்ப ஏன் ஒருத்தரும் வந்து கேக்கேல்லை?"

துண்டை மடித்துச் சேலையில் முடிந்துகொண்டே சொன்னார்: "இதிலயும் எங்களுக்கு இல்லையாக்கும் எண்டு இருந்திட்டினம்."