அக்கா விளக்கோடு நின்ற பதினொரு நாள்

மரத்தில் பெண் உருவம் செதுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பெண்ணை நிற்க வைத்துப் பார்ப்பது என் பழக்கம். அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். முகம் இத்தனை, கழுத்து இத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஓர் உடம்பு தன் பாரத்தை எந்தக் காலில் போடுகிறது, எந்தத் தோளைத் தூக்கிக்கொள்கிறது என்பதெல்லாம் அளவில் வராது. அதற்கு ஆள் வேண்டும். பெரும்பாலும் என் மனைவிதான் அகப்படுவாள். ஐயம்பேட்டையில் இருக்கும் பட்டறைக்கு வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டு, இதற்கு மெட்ராசுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வரலாம் என்பாள். நான் எரிந்து விழுகிற ஆள். அசைந்தால் கத்துவேன், பேசினாலும் கத்துவேன். அக்கம்பக்கத்தில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று டவுனில் வீடு கட்டியிருந்தது. வாசல் கதவை ஒட்டி வைக்க, இரு கையாலும் ஒரு விளக்கேந்திய பெண் ஒன்று தேக்கில் வேண்டும், நாலடி உயரம் இருக்க வேண்டும் என்றார் அந்த வீட்டு அம்மா. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் முடிக்க வேண்டும். பங்குனியில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது என் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நெசவுக் குடும்பத்தில் நான் ஒருவன்தான் உளி பிடித்தவன். அக்காவும் மாமாவும் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவையை ஒருவராக நெய்ய முடியாது. மாமா நெய்வார், அக்கா அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளிவிடுவாள். முப்பது வருடம் அப்படி ஓடியது. அவர் போன பிறகு அவள் தறிப்பக்கமே போகவில்லை. பிள்ளைகள் வெளியூரில் வேலை. சமைப்பாள், பாதியை வீணாக்குவாள், சுவரைப் பார்த்து உட்காருவாள். இப்படியே விட்டால் இவளும் மாமா பின்னாலேயே போய்விடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் ஒரு பொய் சொன்னேன். என் மனைவிக்கு முட்டி வலி, நிற்க முடியவில்லை, நீ வந்து நின்றால்தான் இந்த வேலை முடியும் என்றேன். அக்கா நம்பினாளா தெரியாது. மறுநாள் பதினோரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

வெறுங்கையோடு நிற்பவரின் தோள் பொய் சொல்லும். அதனால் விளக்குக்குப் பதில் ஒரு செம்பில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். சிந்தினால் அசைந்தாள் என்று அர்த்தம். நான் 'நில்லு' என்றால் நிற்க வேண்டும், 'விடு' என்று சொல்லும்வரை கையை இறக்கக் கூடாது. இது என் பட்டறைச் சட்டம். அக்கா ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆனால் இடப்பக்கம் சாய்ந்தாள். கூரையிலிருந்து தூக்குநூல் தொங்கவிட்டு நேராக்குவேன்; பத்து நிமிடத்தில் நூலை விட்டு விலகி நிற்பாள். மூன்றாம் நாள் கத்தியே விட்டேன்.

"நான் என்னபா பண்றது? ஒடம்பு தானா அந்தப் பக்கம் போவுது. மாமா அந்தப் பக்கம்தான உக்காந்துக்கினு இருந்தாரு" என்றாள்.

நான் தூக்குநூலை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். அந்தச் சாய்வை அப்படியே பலகையில் வரைந்தேன். இத்தனை வருடத்தில் நான் போட்ட கோடுகளில் அதைவிட நல்ல கோடு இல்லை.

ஐந்தாம் நாளிலிருந்து அக்கா பேச ஆரம்பித்தாள். தேக்குக்கு ஏன் இந்த வாசனை என்று கேட்டாள். நான் வரைந்த மூக்கு யாரோ பணக்காரி மூக்கு மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தாள். எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். ஒருநாள் மாம்பழ நிறத்தில் புடவை கட்டி, நெற்றியில் சின்னதாக ஸ்டிக்கர் பொட்டு வைத்து வந்து நின்றாள். நான் கவனிக்காத மாதிரி பென்சில் சீவினேன். உள்ளே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

பதினோராம் நாள், சிலை செய்யச் சொல்லியிருந்த அந்த அம்மா வரைபடம் பார்க்க வந்தார். அன்றைக்குச் செம்புக்குப் பதில் நிஜமான பித்தளை விளக்கையே அக்கா கையில் கொடுத்திருந்தேன். படத்தையும் அக்காவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அப்படியே உரித்து வைத்திருக்கிறீர்கள் என்றார். யார் இவங்க என்று கேட்டார். என் அக்கா என்றேன். அவர் அக்காவிடமே சிரித்த முகமாக, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று விசாரித்தார்.

"போயிட்டாரும்மா. போன ஆடியில" என்றாள் அக்கா.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் பட்டறை என்ன அரண்மனையா? நாலடி தள்ளித்தான் நிற்கிறாள் அக்கா.

"தப்பா எடுத்துக்காதீங்க. வாசல்ல நிக்கப்போவுது, கல்யாணம் வேற வருது. சுமங்கலியா யாரையாவது நிக்க வெச்சி வரைஞ்சிடுங்களேன்."

ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் கத்துகிற நான், மனைவியை, ஆட்டோக்காரரை, மரக்கடைக்காரரை, யாரையும் விட்டு வைக்காத நான், "சரிங்கமா, மாத்திடறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டும் வந்தேன்.

திரும்பி வந்தால் அக்கா விளக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லையே. கையை இறக்கவே இல்லை.

"விடுக்கா" என்றேன்.

கையை இறக்கு என்று சொன்னேனா, அந்த அம்மா பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னேனா, எனக்கே தெரியாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். விளக்கைக் கீழே வைத்தாள். நெற்றியில் இருந்த பொட்டை எடுத்து என் வரைபலகையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சோற்றுத் தூக்கு அங்கேயே இருந்தது. மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

நான் என் மனைவியை விளக்கோடு நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எடுத்து முடிக்கும்வரை மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் செதுக்கியது அக்காவைத்தான். ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. அந்தத் தாடை, அந்தத் தோள், இடப்பக்கச் சாய்வு எல்லாம் அப்படியே. உளி பிடித்த மூன்று மாதமும், அக்காவுக்கு நியாயம் செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனியில் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினோம். அந்த அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆளை மாற்றியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது பாருங்கள் என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பெரிய ஆள் மாதிரி அக்கா வீட்டுக்குப் போனேன். போனில் படத்தைக் காட்டினேன். எல்லாம் நீதான், அந்த அம்மா வாயாலேயே களை என்று சொன்னார் என்று சொன்னேன். அக்கா போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, முகத்தைப் பார்த்தாள். பிறகு படத்தை நகர்த்தி, உருவத்துக்கு இடப்பக்கம் வெறும் சுவராக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க அக்கான்னு அவங்ககிட்ட சொன்னியா?"

இல்லை என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னை அந்த வாசல்ல திருட்டுத்தனமா நிறுத்திட்டு வந்திருக்க. ஒளிஞ்சிக்கினு நிக்கறதுக்கு நான் என்னபா தப்பு பண்ணேன்?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று எழுந்து போய்த் தட்டு வைத்தாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.